டொக்டர் ஹூ: நாயகன் விடைபெறும் விதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் கலைப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான ‘டொக்டர் ஹூ’ பற்றிய கட்டுரையைப் படித்தேன். அறுபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட ஓர் ஆங்கில விஞ்ஞானப் புனைகதைத் தொடருக்குத் தமிழ்ப் பத்திரிகையொன்று அரைப் பக்கம் ஒதுக்கியமைக்கு முதலில் என் நன்றி. ஆனால், ‘டொக்டர்’ எனப்படும் நாயகனாக நடிப்பவரை ஓயாமல் மாற்றியதே அத்தொடரைச் சீரழித்தது என்றும், 2017 இல் ஒரு பெண்ணை அப்பாத்திரத்துக்குத் தெரிவுசெய்ததோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றும் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வெள்ளவத்தையில் இத்தொடரைப் பார்க்கும் எங்களைப் போன்ற சிலரிடையேயும், விடுமுறைக்கு இலண்டனிலிருந்து வந்துபோகும் உறவினரிடையேயும் இதே வழக்குத்தான் நடந்துகொண்டிருக்கிறது. ஹரோவிலிருந்து வரும் என் ஒன்றுவிட்ட அண்ணருக்கு டொம் பேக்கரை விட்டால் வேறு டொக்டர் கிடையாது. அவருடைய மகளுக்கோ டேவிட் டெனன்ட்டுக்குப் பின் வந்தவர்கள் எல்லோரும் ஒரு படி குறைவு. சிறு வயதில் முதலில் யாரைப் பார்த்தோமோ அவரே அசல் என்று ஆளுக்கு ஆள் நின்றால் இவ்வழக்கு எக்காலத்திலும் தீராது. வந்தவர் யார் என்பதைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த மாற்றம் கதைக்குள் எப்படி நிகழ்ந்தது என்று கேட்டால்தான் பேசுவதற்கு ஏதாவது மிஞ்சும் என்பது என் எண்ணம்.

1963 நவம்பர் 23 ஆம் திகதி பிபிசியில் தொடர் தொடங்கியபோது டொக்டராக நடித்தவர் வில்லியம் ஹார்ட்னல். மூன்றே ஆண்டுகளில் அவருடைய உடல்நிலை தளர்ந்தது; வசனங்களை நினைவில் வைத்திருப்பதே அவருக்குப் பெரும்பாடாயிற்று. அப்போது தயாரிப்பாளர்கள் கண்ட வழிதான் தொடரை இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறது. டொக்டர் மனிதர் அல்லர், வேற்றுக்கிரகவாசி. உடல் தேய்ந்துபோனால் புதிய உடலும் புதிய குணமும் பெற்று அவரால் எழ முடியும் என்று கதையிலேயே வைத்துவிட்டார்கள். 1966 ஒக்டோபர் 29 ஆம் திகதி ஒளிபரப்பான அத்தியாயத்தின் இறுதியில் ஹார்ட்னல் தம் விண்கலத்தின் தரையில் சாய்கிறார். முகம் ஒளியில் கரைந்து, பற்றிக் ட்ரௌட்டனின் முகமாகத் தெளிகிறது. (பிபிசி பழைய பதிவுகளை அழித்து வந்த காலத்தில் அந்த அத்தியாயமும் தொலைந்துபோனது. ஒரு சிறுவர் நிகழ்ச்சிக்காக வெட்டியெடுக்கப்பட்டிருந்ததால் இந்தச் சில விநாடிகள் மட்டும் தப்பின.)

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த கதையின் தொடக்கம். உடன் பயணிக்கும் பென் என்ற இளைஞன், இந்தக் குள்ள மனிதர் டொக்டரே அல்லர் என்று அடித்துச் சொல்கிறான். பொலி என்ற பெண் அவரேதான் என்கிறாள். பழைய டொக்டர் எப்போதும் அணிந்திருந்த மோதிரத்தைப் புதியவரின் விரலில் போட்டுப் பார்க்கிறார்கள். அது கழன்று விழுகிறது. பழைய எதிரியான டாலெக் இயந்திரம் அவரை இன்னாரென்று அடையாளம் கண்டுகொண்ட பிறகே பென்னின் சந்தேகம் தணிகிறது. பார்வையாளர் வீட்டில் எதைச் சொல்லிச் சண்டையிடுவார்களோ, அதையே எழுத்தாளர்கள் பாத்திரங்களின் வாயில் வைத்து, விடையையும் கதைக்குள்ளேயே கொடுத்துவிட்டார்கள்.

மாலையில் நம் வீடுகளில் ஓடும் தமிழகச் சின்னத்திரைத் தொடர்களில் ஒரு நடிகை விலகினால் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று திரையில் ஒரு வரி போடுவார்கள். மாமியாரும் ஒன்றுமே நடவாததுபோல் புதிய மருமகளைத் திட்டத் தொடங்கிவிடுவார். நாமும் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொள்கிறோம். அங்கே மாற்றம் என்பது கதைக்கு வெளியே நடக்கும் ஒரு விபத்து. டொக்டர் ஹூவில் மாற்றமே கதையாக வேண்டும். ஆகாத இடங்களில்தான் தொடர் சறுக்கியிருக்கிறது.

1984 ஐ எடுத்துக்கொள்வோம். அப்போது டொக்டராக இருந்த பீட்டர் டேவிசனின் கடைசிக் கதையில் அவரும் உடன் வந்த பெரி என்ற பெண்ணும் நஞ்சூட்டப்படுகிறார்கள். கிடைத்த மாற்றுமருந்து ஒருவருக்குத்தான் போதும். அதை அவளுக்குப் புகட்டிவிட்டு அவர் சரிகிறார். இத்தனைக்கும் அந்தப் பெண்ணை அவர் சந்தித்துச் சில காலமே ஆகியிருந்தது. 2009 இல் தொடருக்கெனவே வெளிவரும் மாத இதழ் அதுவரை வந்த 200 கதைகளையும் வாசகரைக் கொண்டு தரப்படுத்தியபோது முதலிடம் இக்கதைக்கே கிடைத்தது. கடைசி இடம், அதாவது 200 ஆவது இடம், எதற்கு என்றால் அதற்கு அடுத்தபடியாக ஒளிபரப்பான கொலின் பேக்கரின் முதற் கதைக்கு. இரசிகர்கள் அன்று பழியைப் பேக்கர் மீதே போட்டார்கள். ஆனால், முன்னவர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய அதே பெண்ணின் கழுத்தைப் புதியவர் நெரிப்பதாக எழுதியவர் நடிகரா? பிற்காலத்தில் வானொலி நாடகப் பாணியிலான ஒலிநாடகங்களில் நல்ல எழுத்துக் கிடைத்தபோது அதே கொலின் பேக்கர் பலரின் மதிப்பைப் பெற்றார் என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும்.

அவரை அனுப்பிய விதம் இன்னும் மோசமானது. 1986 இல் பிபிசி அவரை நீக்கியது. பிறகு, உருமாறும் கதைக்கு மட்டும் வந்து போகும்படி கேட்டது. அவர் மறுத்துவிட்டார், தன்மானமுள்ள யாரும் மறுத்திருப்பார். ஆகவே 1987 இல், அடுத்து வந்த சில்வெஸ்டர் மெக்கோய்க்கே பேக்கரின் பல வண்ண அங்கியை அணிவித்து, சுருள்முடி டோப்பாவைத் தலையில் மாட்டி, குப்புறக் கிடத்தி, திருப்பிப் போடும்போது முகத்தை ஒளியால் மறைத்து வேலையை முடித்தார்கள். டொக்டர் எதற்காக இறந்தார் என்பதற்குச் சொல்லத்தக்க காரணம் எதுவுமில்லை. அது அப்பட்டமான ‘இவருக்குப் பதில் இவர்’. இரண்டு ஆண்டுகளில் தொடரே நிறுத்தப்பட்டது. அதற்கு இது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் தன் நாயகனையே பொருட்படுத்தாத ஒரு தொடரை நிலையத்தார் பொருட்படுத்துவார்கள் என எதிர்பார்ப்பதும் கடினம்.

இனி, 2017 இல் தெரிவான ஜோடி விட்டேக்கர். பெண்ணை இரசிகர்கள் நிராகரித்தார்கள் என்ற கூற்று, 2018 இல் அவருடைய முதல் அத்தியாயத்தை பிரித்தானியாவில் ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் பேர் பார்த்தார்கள் என்பதோடு பொருந்தவில்லை. பார்வையாளர் பின்னர் குறைந்தார்கள் என்பது உண்மையே. வந்து பார்த்துவிட்டுப் போனவர்களைக் கதை பிடித்து வைக்கவில்லை என்று சொன்னால் நானும் உடன்படுவேன். முகத்தைக் கண்டே ஓடினார்கள் என்பது வேறு பேச்சு. மேலும், டொக்டரின் இனத்தவர் ஆணிலிருந்து பெண்ணாக மாறக்கூடும் என்பதை 2014 இலேயே, அவருடைய பரம எதிரியான மாஸ்டரைப் பெண்ணாகக் கொண்டுவந்து, கதை நிறுவிவிட்டது. ஆண் பிள்ளைகளுக்கு ஒரு முன்மாதிரி இல்லாமற் போகிறதே என்று பீட்டர் டேவிசன் 2017 இல் கவலை தெரிவித்தார். அதற்கு உடனடியாக மறுப்புச் சொன்னவர், எல்லோரிலும் அதிகம் அடிபட்ட கொலின் பேக்கர்தான்.

இவ்விடத்தில் ஆசிரியருக்குப் பிடிக்கக்கூடிய ஒரு செய்தி. விட்டேக்கருக்கு முன் டொக்டராக இருந்த பீட்டர் கப்பால்டி, 15 வயது மாணவனாக இத்தொடரைப் புகழ்ந்து எழுதிய வாசகர் கடிதமொன்று 1974 இல் ‘ரேடியோ டைம்ஸ்’ இதழில் அச்சாகியிருக்கிறது. வாசகர் கடிதம் எழுதுவோரை வேலையற்றவர்கள் என்று எண்ணுவோர் கவனிக்க.

கட்டுரையாளரோடு நான் ஒரு பாதி உடன்படும் இடம் 2025 மே 31 ஆம் திகதி அத்தியாயம். தொடரின் முதன்மை நாயகனாக வந்த முதல் கறுப்பின நடிகர் ஷுட்டி கட்வா, ஒரு குழந்தையை மீட்பதற்காகத் தம் உயிர்ச்சக்தியைச் செலவிட்டு விடைபெறுகிறார். போவதற்குக் காரணம் இருக்கிறது, குறை சொல்வதற்கில்லை. வந்ததுதான் புதிர். ஒளி அடங்கியதும் நிற்பவர், 2005 இல் டொக்டரின் தோழியாக அறிமுகமான பில்லி பைபர். நிறைவுப் பெயர்ப்பட்டியல் அவர் பெயரை அறிமுகம் என்று காட்டுகிறதே தவிர, வழமைபோல ‘டொக்டராக’ என்று குறிப்பிடவில்லை. பக்கத்தில் நின்று சந்தேகப்பட ஒரு பென்னும் இல்லை, நம்புவதற்கு ஒரு பொலியும் இல்லை. தொடருக்காக டிஸ்னி நிறுவனத்துடன் இருந்த கூட்டு முடிவுற்றதாகவும் 2026 நத்தாருக்குச் சிறப்பு அத்தியாயம் வரும் என்றும் பின்னர் அறிவித்தார்கள். விடையை எழுதி வைத்துக்கொண்டு கேள்வியைப் போட்டார்களா, பரபரப்புக்காகப் போட்டுவிட்டு விடையைத் தேடுகிறார்களா என்ற ஐயம் எனக்கும் உண்டு. ஆனால், இது எழுத்தாளரைப் பார்த்துக் கேட்க வேண்டியது. பைபர் தகுதியானவரா என்று இப்போதே தீர்ப்பெழுதும் இரசிகர்கள் அவர் டொக்டராகப் பேசிய ஒரு முழுக் காட்சியைக்கூட இன்னும் பார்க்கவில்லை.

கடைசியாக, டொக்டரால் 12 தடவைகளே உருமாற முடியும் என்ற விதியை அண்மைக் காலத்தவர்கள் மீறிவிட்டார்கள் என்று கட்டுரை கூறுகிறது. அவ்விதி 1976 இல் ஒளிபரப்பான கதையில் வந்தது. 2013 நத்தார் அத்தியாயத்தில், சாகக் காத்திருந்த முதிய டொக்டருக்கு அவருடைய இனத்தவரே வானத்தின் பிளவொன்றின் வழியாகப் புதியதொரு உருமாற்றச் சுற்றை அருளினார்கள். விதியை மீறவில்லை, அதற்கும் கதைக்குள்ளேயே வழி கண்டிருக்கிறார்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.