தண்ணீரைக் கன மீட்டரில் எழுதாத குத்தகை

ஆசிரியருக்கு,

ஆயிரக்கணக்கான ஏக்கர் விளைநிலம் ஒரே நிறுவனத்தின் கைக்குப் போகும்போது பேச்செல்லாம் ஏக்கருக்கு என்ன விலை என்பதிலேயே நின்றுவிடுகிறது. விலை முக்கியம்தான். ஆனால் ஊரை நொடித்துப்போட, பதிவேட்டில் இருக்கும் ஒரு சொல்லும் ஒப்பந்தத்தில் இல்லாத சில வரிகளும் போதும்.

அந்தச் சொல் ‘தரிசு’. காட்டைத் திருத்தி இரண்டு மூன்று ஆண்டு விதைப்பவர்கள், மண் தேறுவதற்காக அதைப் பல ஆண்டுகள் விட்டுவைப்பார்கள். செயற்கைக்கோள் படத்தில் அது ஆளில்லாத புதர். ஆடுமாடு வேறு பக்கம் போயிருக்கும் மாதத்தில் சர்வே செய்தால் மேய்ச்சல் நிலமும் அப்படித்தான் தெரியும். பெண்கள் விறகும் கீரையும் கூரைப்புல்லும் எடுக்கும் இடத்துக்கு யார் பெயரிலும் பத்திரம் இருக்காது. ஆகவே இழப்பீட்டுப் பட்டியலிலும் அது வராது. மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை என்று ஊர்க்காரர்களோடு நடந்து வரைபடம் போடாமல் எந்த நிலத்தையும் காலி என்று எழுதக் கூடாது. மரத்துக்கு ஓராண்டு விளைச்சலின் மதிப்பை மட்டும் கொடுப்பதும் ஈடாகாது. புதுக் கன்று காய்ப்புக்கு வரும்வரை உள்ள எல்லா ஆண்டுகளையும் சேர்க்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். கரும்புக்கு ஒரு பயிர்க்காலத்தில் 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் வேண்டும். குறைந்த அளவையே எடுத்து, அதில் பாதியை மழை தரும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 750 மில்லிமீட்டர், ஹெக்டேருக்கு 7,500 கன மீட்டர். 10,000 ஹெக்டேருக்கு ஏழரைக் கோடி கன மீட்டர், அதாவது இரண்டரை டிஎம்சிக்கு மேல். வாய்க்காலில் கசிவது தனி. ‘சாகுபடிக்குத் தேவையான நீர்’ என்று ஒப்பந்தம் சொன்னால் இவ்வளவையும் எடுத்துக்கொள்ள உரிமை வந்துவிடும்; காய்வது கீழ்மடைக்காரர் வயல். உச்ச அளவைக் கன மீட்டரில் எழுதி, எடுக்கும் இடத்தில் மீட்டர் வைக்க வேண்டும். வறட்சியில் குடிநீர், கால்நடை, சிறு வயல் ஆகியவற்றுக்குப் பிறகே நிறுவனத்துக்கு என்ற வரிசையும் அதிலேயே இருக்க வேண்டும்.

எடுத்த நிலத்தை உழாமல் போட்டுவைப்பதும் நடக்கிறது. எத்தியோப்பியாவின் காம்பெல்லாவில் பெங்களூரு நிறுவனமான கருத்தூரி 1,00,000 ஹெக்டேரைக் குத்தகைக்கு எடுத்தது. 2011இல் வெள்ளம் மக்காச்சோளத்தை அழித்தது. மிகச் சிறிய பகுதியே சாகுபடிக்கு வந்த நிலையில், 2015 இறுதியில் அரசு குத்தகையை ரத்து செய்தது. முதலில் 500 ஹெக்டேர் கொடுத்து, அது விளைந்த பிறகு அடுத்த பகுதி என்று போயிருந்தால் இவ்வளவு நிலம் மாட்டிக்கொண்டிருக்காது. குத்தகை உரிமையை வங்கியில் அடமானம் வைக்க அனுமதித்தால் சிக்கல் இன்னும் கூடும். நிறுவனம் திவாலானால் ஊரார் அதன்பின் வங்கியோடு மல்லுக்கட்ட வேண்டும்.

வேலை தருவோம் என்ற வாக்கையும் ஆண்டுவாரியாக எண்ணிக்கை போட்டு எழுதி வாங்க வேண்டும். நிலம் திருத்தும் வரைதான் ஆள் தேவை, பிறகு இயந்திரம் வந்துவிடும்.

ரகசியமும் ஆகாது. 2008இல் மடகாஸ்கரில் தென்கொரிய நிறுவனம் ஒன்று 13 லட்சம் ஹெக்டேரை 99 ஆண்டுக்கு எடுக்கவிருந்த செய்தி வெளியானதும் மக்கள் கொதித்தார்கள். 2009 மார்ச்சில் ஆட்சி மாறியதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. நில உரிமை பற்றிய உலக வழிகாட்டு நெறிகள் 2012இல் ஏற்கப்பட்டன; ஆனால் அவை யாரையும் கட்டுப்படுத்தாதவை. உள்ளூர் மொழியில் எழுதி ஊர்க்கூட்டத்தில் வாசிக்கப்பட்ட ஒப்பந்தம்தான் கைகொடுக்கும்.

குத்தகை முடிந்ததும் நிலம் யாரிடம் திரும்பும் என்பதையும் அதில் பார்க்க வேண்டும். ஜாம்பியாவில் ஊர் வழக்கப்படி அனுபவித்த நிலம் ஒரு தடவை குத்தகை நிலமாக மாற்றப்பட்டால், காலம் முடிந்தாலும் பழைய ஊர்வழக்க உரிமைக்குத் திரும்புவதில்லை. 99 ஆண்டுக்கு என்று நினைத்துக் கையெழுத்துப் போடும் ஊர், அதை நிரந்தரமாகவே கொடுத்துவிடுகிறது.