ஷெட்யூல் போடப்போகும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

உன் மெசேஜைப் படித்தேன். கடைசி வருஷக் குறும்படத்துக்கு ஏழு பேர் குழு, இயக்கம் ஒருத்திக்கு, கேமரா ஒருவனுக்கு, எடிட்டிங் இன்னொருவனுக்கு என்று எல்லாம் பிரித்த பிறகு, "மிச்சம் இருந்ததை என் தலையில் கட்டிட்டாங்க அக்கா" என்று எழுதியிருந்தாய். ஷெட்யூல், சாப்பாடு, அனுமதி, கணக்கு. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிற ஒவ்வொரு வகுப்பிலும் உன்னைப் போல ஒருவர் இதே வருத்தத்தோடு உட்கார்ந்திருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

படம் முடியுமா, முடியாதா என்பது உன் கையில்தான் இருக்கிறது. சினிமாவில் உதவி இயக்குநராக இருக்கும் நான் ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. மாணவர் படங்களில் பாதியில் நிற்பவை பெரும்பாலும் கதை மோசம் என்பதால் நிற்பதில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் வெளிச்சம் போய்விட்டது, நடிக்க வந்தவர் கிளம்பிவிட்டார், இன்னும் நாலு ஷாட் பாக்கி என்ற இடத்தில்தான் நின்றுபோகின்றன.

உங்கள் ஒன்லைன், அதாவது கதைச் சுருக்கம், எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. மதுரை கீழவாசல் பக்கம் வீட்டுத் திண்ணையில் பூ கட்டும் பாட்டிக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. விரல்கள் பழக்கத்தில் கட்டிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் தெரியவில்லை, பேத்தியைத் தவிர. விடியற்காலையில் தொடங்கி இருட்டும்போது முடிகிற ஒரே நாள் கதை. ஷூட்டிங் மட்டும் மூன்று நாள். உன் வேலை அந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறது.

முதலில் ஸ்கிரிப்டை எல்லாரும் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள், ஸ்டாப்வாட்ச் வைத்து. ஒரு பக்கம் ஒரு நிமிஷம் என்று சொல்வார்கள். அது ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் டைப் செய்த திரைக்கதைக்கான கணக்கு. நோட்டில் தமிழில் எழுதியதற்குப் பொருந்தாது. பாட்டி பேசாமல் பூ தொடுக்கிற இடத்தையும் நடித்தே பார்த்து நேரம் எடுங்கள். பன்னிரண்டு நிமிஷம் என்று நினைத்தது இருபதுக்குப் போகும். வெட்டுகிற சண்டையைக் காகிதத்திலேயே போட்டு முடித்துவிடுங்கள். அங்கே போட்டால் செலவில்லை.

அப்புறம் ஒவ்வொரு சீனுக்கும் ஒரு தாள். எந்த இடம், எந்த நேரம், யார் யார், என்னென்ன பொருள், என்ன உடை. இந்தத் தாள்களைக் கதை வரிசையில் அடுக்காமல் இடத்தின்படி அடுக்கினால் அதுதான் உன் ஷெட்யூல். திண்ணை சீன்கள் எல்லாம் ஒன்றாக, சந்தை ஒன்றாக, தெப்பக்குளம் ஒன்றாக. வழக்கமான படத்துக்கு இது போதும். உங்கள் படத்தில் மல்லிகைப்பூ ஒரு நடிகர். அதற்கும் கால்ஷீட், அதாவது எந்த நேரம் கிடைக்கும் என்பதை, பார்க்க வேண்டும்.

மல்லிகையை விடிகாலையில் மொட்டாகப் பறிப்பார்கள். சாயங்காலம் அது விரியும். திண்ணை சீன்களை எல்லாம் சேர்த்து எடுக்கிறோம் என்று காலைக் காட்சியை மாலை நாலு மணிக்கு எடுத்தால் கூடையில் மொட்டு வாயைத் திறந்திருக்கும். வேறு ஊர்க்காரர்கள் கவனிக்காமல் போகலாம். மதுரையில் எந்தப் பெண்ணும் அதைப் பார்த்த நொடியில் கதையை விட்டு வெளியே வந்துவிடுவாள். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ அது, ஊரே அதன் முகம் அறிந்த ஊர். அதனால் திண்ணை சீன்களுக்குள்ளேயே மொட்டு ஷாட்கள் காலையில், விரிந்த பூ ஷாட்கள் மாலையில் என்று இரண்டாகப் பிரி. ஒரே நாள் கதை என்பதால் மூன்று நாளும் புதுப் பூ வேண்டும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியும் முன்னே போகும் ஆள் யார் என்பதையும் அன்றைய வேலைத் தாளில் பெயரோடு எழுது. வாங்கியதை ஈரத்துணி சுற்றி, ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் வைத்தால் மொட்டு கொஞ்சம் தாங்கும். பெரிய கூடையை முழுக்கப் பூவால் நிரப்பாதே. அடியில் துணியை மடித்து வைத்து மேலாகப் பரப்பினால் போதும்.

தேதியையும் பூவை வைத்தே முடிவு செய். மார்கழி, தையில் பனியால் வரத்து குறையும், கிலோ சில ஆயிரங்களைத் தொடும். பங்குனி வாக்கில் வரத்து கூடும். முகூர்த்த நாளைக் காலண்டரில் பார்த்துத் தவிர்த்துவிடு. சித்திரைத் திருவிழா தொடங்கிவிட்டால் ஊருக்குள் உங்களால் ஒரு ஷாட் எடுக்க முடியாது, அதற்குள் முடித்துவிட வேண்டும்.

பாட்டியாக நடிக்க உன் தோழியின் பெரியம்மா சம்மதித்திருக்கிறார் என்றாய். நல்லது. ஆனால் விரல்களின் குளோஸ்-அப் படத்தின் உயிர். நாரில் நாலு நாலாக வைத்துச் சுண்டி முடிச்சுப் போடும் அந்த வேகம் பழகாத கைக்கு வராது. நிஜமாகப் பூ கட்டும் ஒரு அம்மாவைக் கேளுங்கள். அவர் அன்றைக்குக் கட்டாமல் விடும் பூவுக்கு என்ன கூலியோ அதைக் கொடுத்துவிட வேண்டும், பேசியபடி, அன்றைக்கே. டைட்டிலில் அவர் பெயர் வர வேண்டும். இருவரும் ஒரே வளையல் போட வேண்டும், புடவைத் தலைப்பு ஒரே பக்கம் இருக்க வேண்டும். இதைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள ஒருவரை நியமி.

சவுண்டை யாரும் கேட்டு வாங்கவில்லை, எடிட்டரே பார்த்துக்கொள்வார் என்று முடிவு செய்ததாக எழுதியிருந்தாய். அந்த முடிவை மாற்றச் சொல். குழுவில் யார் ரொம்பப் பொறுமையோ அவரிடம் ஹெட்போனைக் கொடு. படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்துவிடுவார்கள். நடித்துப் பழகாத பெரியம்மாவை டப்பிங் தியேட்டரில் உட்கார வைத்து உதட்டசைவுக்குப் பேச வைப்பது கஷ்டம், அதனால் எடுக்கும்போதே குரலைப் பதிவு செய்யும் லைவ் சவுண்டுதான் வழி. லொகேஷன் பார்க்கப் போகும்போது, எடுக்கப்போகும் அதே நேரத்துக்குப் போய் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேளுங்கள். பக்கத்தில் பட்டறை இருக்கிறதா, எத்தனை மணிக்கு ஸ்பீக்கர் போடுகிறார்கள், பள்ளிக்கூட மணி எப்போது. உள்ளே எடுக்கும்போது ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்த வேண்டும். வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடு, கிளம்பும்போது அதை ஆன் செய்ய மறக்க மாட்டாய். ஒவ்வொரு இடத்திலும் பேக்கப், அதாவது வேலை முடிந்தது என்று, சொல்வதற்கு முன் எல்லாரும் அசையாமல் நின்று ஒரு நிமிஷம் வெறும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது சத்தம் குதிக்காமல் இருக்க அது வேண்டும்.

கேமராமேனிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஒரு டிஎஸ்எல்ஆரும் ஒரு போனும் சேர்த்து எடுக்கிறீர்கள் என்றால் இரண்டும் ஒரே ஃபிரேம் ரேட்டில் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கு) இருக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் படம் பெரும்பாலும் மினுக்காது. பதினொன்றிலிருந்து மூன்று வரை வெயில் உச்சியில் நிற்கும், கண்ணுக்குக் கீழே குழி விழும். அந்த நேரத்துக்கு வீட்டுக்குள் எடுக்கும் சீன்களைப் போடு. ஜன்னல் வெளிச்சமும் ஒரு தெர்மாகோல் அட்டையும் போதும். கடைசி சீன் அந்தி என்றால் சூரியன் மறைந்த பிறகு உங்களுக்கு இருபது நிமிஷம்தான் நல்ல வெளிச்சம் இருக்கும். அதனால் அந்த ஷாட்களை நாலரை மணிக்கே ஒத்திகை பார்த்து, நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து வைத்துவிட வேண்டும்.

மெமரி கார்டு கணக்கும் உன்னுடையது. 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்) எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி போகும். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி, இரண்டும் வேறு வேறு வீட்டில். அதுவரை கார்டை யாரும் ஃபார்மெட் செய்யக் கூடாது.

கோயிலுக்குள் ஒரு ஷாட் வேண்டும் என்று உங்கள் இயக்குநர் கேட்கிறாள். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போனுக்கே அனுமதி கிடையாது. பாட்டியின் பார்வை மங்கலாக இருக்கும் படத்தில் கோபுரத்தை வெளியிலிருந்து பார்ப்பதே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. தெருவில் எடுக்கக் கல்லூரி லெட்டர்பேடில் கடிதம் வாங்கி, அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கொடுத்துவிடு. பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல். ரேடியோவில் பழைய பாட்டு ஒலிக்கும் ஐடியாவை விட்டுவிடுங்கள், உரிமை இல்லாமல் அதை எந்த விழாவுக்கும் அனுப்ப முடியாது.

பணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் வசூலிக்காதே. ஏழு பேரில் ஒருவருக்கு அந்தத் தொகை வீட்டில் கேட்க முடியாததாக இருக்கும். அவர் வெளியே சொல்ல மாட்டார், ஒத்திகைக்கு வராமல் இருக்க ஆரம்பிப்பார். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசு. முடிந்ததை உன்னிடம் மட்டும் கொடுக்கட்டும். யார் எவ்வளவு என்பது உன் நோட்டைத் தாண்டக் கூடாது. செலவை மட்டும் தினமும் எல்லாருக்கும் காட்டு. அதேபோல ஹாஸ்டலில் இருக்கிறவர்களுக்கு எத்தனை மணிக்குள் உள்ளே போக வேண்டும், வெளியூரிலிருந்து வருகிறவளுக்குக் கடைசி பஸ் எப்போது என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள். பேக்கப் நேரத்தை நிர்ணயிப்பது அதுதான். ஒரு பெண்ணை ராத்திரி பத்து மணிக்கு மாட்டுத்தாவணியில் தனியாக நிற்க வைத்துவிட்டு எடுக்கிற ஷாட் எதுவும் வேண்டாம்.

ஷூட்டிங்குக்கு முன்னால் உன் இயக்குநரோடு தனியாக உட்கார். அவள் உன் நெருங்கிய தோழி என்பதால்தான் இதைச் சொல்கிறேன். நடிப்பும் ஷாட்டும் அவள் முடிவு, அதில் நீ தலையிட மாட்டாய். நேரம் உன் முடிவு, அதில் அவள் தலையிட மாட்டாள். இதை வாய்வார்த்தையாக விடாமல் குரூப்பில் எழுதிப் போடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் கட்டாயம் வேண்டிய ஷாட்கள் எவை, நேரம் போனால் விடக்கூடியவை எவை என்று அவளையே குறிக்கச் சொல். அன்றைக்கு அவள் இன்னொரு டேக் கேட்டால் முடியாது என்று சொல்லாதே. "சரி, இதை எடுத்தால் எட்டாவது ஷாட் போகும், பரவாயில்லையா?" என்று கேள். தேர்வு அவளுடையதாகவே இருக்கும், நேரமும் உன் கையை விட்டுப் போகாது.

சீன் தாள்களை முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன். பெரியம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டுக்கொள். இருந்தால் சாப்பாட்டு நேரத்தை அவரை வைத்துப் போடு.

அன்புடன்,
அக்கா