மலைக்குப் போகிற பாப்பாவுக்கு

தாயி,

குதிரேமுக் மலைக்குப் போகிறாய் என்றதும் உன் அம்மாவுக்கு அட்டையை நினைத்துத்தான் பயம். அட்டை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தானே விழுந்துவிடும், அதை விடு. எனக்குப் பயமெல்லாம் கண்ணில் படாத பொடிப்பூச்சி மேலேதான். நம்ம அழகர்மலைப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்களுக்குக்கூட வரக்கூடிய ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல், புல் புதரில் இருக்கும் அந்த மாதிரிப் பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. நீ இருக்கிற கர்நாடகத்தில் குரங்குக் காய்ச்சலும் உண்டு, 1957இல் சிவமொக்கா காட்டில்தான் அதை முதலில் கண்டார்கள், அது உண்ணி கடித்து வரும்.

"டீட் விஷம், எலுமிச்சைப்புல் எண்ணெய் போதும்" என்று உன் கூட்டாளிகள் சொல்கிறார்களாமே. டீட் என்பது பூச்சி அண்டாமல் தோலில் பூசுகிற மருந்து. அந்த எண்ணெய் ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரம்தான் நிற்கும், அப்புறம் நாள் முழுக்க நடக்கிற உனக்கு யார் காவல்? டீட் 1946இல் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்தது, 1957இலிருந்து பொதுமக்களும் பூசுகிறார்கள். இத்தனை காலத்தில் வலிப்பு மாதிரிப் பெரிய கெடுதல் வந்தது மிக அபூர்வம், அதுவும் பெரும்பாலும் அந்த மருந்தையே வாயில் விழுங்கிவிட்டவர்களுக்கு, இல்லையென்றால் அளவில்லாமல் அப்பிக்கொண்டவர்களுக்கு. கடையில் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கிறவன் சொல்கிறேன், பூசுகிற முறைதான் முக்கியம்.

டீட் 20லிருந்து 30 சதவீதம் உள்ளதாகப் பார்த்து வாங்கு. சதவீதம் கூடினால் கூடுதல் நேரம் நிற்கும், அவ்வளவுதான், 50க்கு மேலே போய் ஒரு லாபமும் இல்லை. முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு இது. வெளியே தெரிகிற தோலில் மட்டும் பூசு, சட்டைக்குள்ளே வேண்டாம், சிராய்ப்பு மேலேயும் வேண்டாம். முகத்தில் நேராக அடிக்காதே, கையில் எடுத்துக் கண்ணையும் வாயையும் விட்டுத் தடவு, கையைத் துடைக்காமல் முறுக்கைத் தொடாதே. பிளாஸ்டிக்கை அது கரைக்கும், உன் கண்ணாடி ஃப்ரேமும் வாட்சும் பத்திரம். அந்தத் தொல்லை வேண்டாமென்றால் டீட் மாதிரியே பூச்சி விரட்டுகிற பிகாரிடின் 20 சதவீதத்தில் கிடைத்தால் வாங்கிக்கொள், நல்லதுதான். கூடாரம் திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவிவிடு, பூசியபடியே படுக்காதே.

பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி துணிக்கு மட்டும்தான், உடம்பில் படக்கூடாது. முதல் நாளே பேண்ட், சாக்ஸில் அடித்துக் காயப்போடு, ஆனால் ஈரம் காயும்வரை உன் அறைத்தோழியின் பூனையை அந்தப் பக்கம் விடாதே, பூனைக்கு அது நஞ்சு.

பேண்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகு. புல்லில் அப்படியே உட்காராதே. திரும்பி வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால் போட்டுவிட்டு ஆபீஸ் போகாதே, அக்குள், இடுப்பு மடிப்பில் வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கிறதா பார், இல்லையென்றாலும் டாக்டரிடம் போ. காட்டுக்குப் போய் வந்ததை அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீயே முதலில் சொல்லிவிடு. சீக்கிரம் தெரிந்தால் டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாட்டிக்கில் ஸ்க்ரப் டைபஸ் சரியாகிவிடும்.

அப்பா