கல்லுக்குள் புழுவா?

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்கல்லில் பழைய நுண்ணுயிர்களின் தடயம் தேடுவது பற்றிய கட்டுரையில் 'கிடைத்துவிட்டது' என்ற தொனி கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. 1996-லும் ஒரு கல்லை வைத்து இப்படித்தான் துள்ளிக் குதித்தார்கள். 1984-ல் அண்டார்டிகாவின் ஆலன் குன்றுகளில் எடுத்த, இரண்டு கிலோகூட இல்லாத, செவ்வாய்க் கோளிலிருந்து வந்த கல் அது. பெயர் ஏ.எல்.எச். 84001. நாசாவின் டேவிட் மெக்கே குழு, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் புழு மாதிரி நெளிந்த வடிவங்களைக் காட்டியதும் அதிபர் கிளின்டனே பேச வந்துவிட்டார்.

சரி, அந்தப் 'புழு' எவ்வளவு பெரியது? பல வடிவங்கள் 100 நானோமீட்டரைக்கூடத் தொடவில்லை (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் ஒன்றுக்கே சுமார் 20 நானோமீட்டர் இடம் வேண்டும். அப்புறம் டி.என்.ஏ., மற்ற சாமான்களையெல்லாம் எங்கே அடைப்பது? இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை உயிரின் தடயமாக ஏற்பதில்லை.

1969-ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த கல்லில், புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள் ஏராளம். ஆனால் அவை உயிரில்லாமலும் உருவாகும்.

இன்னொன்று, பிரான்சின் ஆர்கேயில் 1864-ல் விழுந்த கல். நூறு வருடம் ஜாடியில் மூடிக் கிடந்த அதன் ஒரு துண்டில் தாவர விதை இருந்தது! 1960-களில் பிரித்துப் பார்த்தால், யாரோ குசும்பன் பசை போட்டு ஒட்டி, கரித்துண்டும் சேர்த்திருக்கிறான். பூமியின் கைபடாத கல்தானா என்பதையும் அடுத்த முறை ஒரு வரி எழுதுங்கள்.

– ஒரு வாசகர்