ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கிய கால்கள்

பள்ளத்தூர்
வெள்ளிக்கிழமை மாலை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மழை வரப்போகிறது என்பதால் அப்பத்தாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, வேறொன்றுமில்லை. நேற்று இரவு நீ அழுதுகொண்டே பேசியதிலிருந்து எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே "சரி அம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு முறை படி, மாப்பிள்ளையிடமும் கொடு.

காப்பகத்திலிருந்து நீங்கள் எடுத்துவந்த நாய், கருப்பன், வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. கட்டிலுக்கு அடியை விட்டு வெளியே வருவதில்லை, வைத்த சோற்றைத் தொடுவதில்லை, மாப்பிள்ளை கையை நீட்டினால் உறுமுகிறது, கூடத்துக்குத் தூக்கி வந்தால் அங்கேயே சிறுநீர் கழித்துவிடுகிறது. காப்பகத்திலேயே திருப்பி விட்டுவிடலாமா என்று கேட்டாய். அதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாயே, "எவ்வளவு செய்கிறோம், கொஞ்சமாவது நன்றி இருக்கிறதா" என்று, அதுதான் இரவு முழுக்க என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

இதே வார்த்தையை நானும் சொன்னேன் ஆத்தா. நான்கு வருடத்துக்கு முன்னால், நம் நாய் செவலையைப் பார்த்து.

நீ அப்போது கல்யாணம் முடிந்து பெங்களூருக்குப் போன புதிது. செட்டிநாடு ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையோரம் வண்டியில் அடிபட்டுக் கிடந்ததை அப்பா சாக்கில் கிடத்தி ஆட்டோவில் காரைக்குடிக்குக் கொண்டுபோய் மருந்து போட்டுக் கூட்டிவந்தார் என்று உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை நான் உன்னிடம் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

காயம் ஆறும்வரை முகப்பில் மண் தரையில்தான் கிடந்தது. ஆறிய பிறகு உள்ளே கூப்பிட்டேன். முன்கூடமான பட்டாலையின் வாசல்படி வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும். மீன் துண்டைக் காட்டினாலும் வராது. ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கழுத்துக் கயிற்றைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டேன். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் அதன் நகம் "கிரீச்" என்று இழுபட்டது. நான்கு காலும் நான்கு பக்கம் விரிந்துபோய், வயிறு தரையில் ஒட்டி, தவளையைப் போல் கிடந்தது. எழுந்திருக்கப் பார்க்கும், மறுபடி வழுக்கும். நடுங்கிக்கொண்டே அந்தப் பூக்கோலத்தின் மேலேயே சிறுநீர் கழித்துவிட்டது. நான் கயிற்றை விடாமல், "சோறு போட்டு வளர்க்கிறேன், நன்றி கெட்டதே" என்று திட்டினேன். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

அப்பத்தாதான் திண்ணையிலிருந்து சத்தம் போட்டார்கள். "அது பிறந்ததிலிருந்து மண்ணைத் தவிர வேறு என்ன கண்டது? உன் கல் அதற்குத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. குளத்துக்குள் பிடித்துத் தள்ளினால் நீ சிரிப்பாயா?" என்று கேட்டார்கள். அப்போதுதான் தரையைப் பார்த்தேன். அப்பத்தா கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து துடைத்துத் துடைத்து மினுங்குகிற கல். கண்ணாடியின் மேல் வார்த்து எடுக்கிற கல் அல்லவா, குனிந்தால் முகம் தெரியும். செவலைக்குக் கீழே இன்னொரு செவலை நிற்பது போலத் தெரிந்திருக்கும்.

அன்று மாலை அப்பா நெல் சாக்குகளை உதறி, கல்யாண வீட்டில் நடைபாவாடை விரிப்பதுபோல, வாசல்படியிலிருந்து நடுமுற்றத்து வளவு வழியாக இரண்டாம் கட்டு வரைக்கும் விரித்துவிட்டார். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. ராத்திரி விளக்கணைத்த பிறகு சாக்கின் மேல் மெதுவாக நகம் படுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்க்காதே என்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இனி உன் வீட்டுக்கு வருகிறேன். படுக்கையறையில் கம்பளம் விரித்திருக்கிறாய், கட்டில் அதன் மேல் இருக்கிறது. கூடத்தில் பளபளவென்று டைல்ஸ். போன தடவை வந்தபோது நானே குளியலறை வாசலில் வழுக்கப் பார்த்தேன். கருப்பன் இதற்கு முன் எங்கே கிடந்தது, எந்தத் தரையில் நடந்தது? அது கட்டிலுக்கு அடியில் கிடப்பதற்குப் பிடிவாதம் காரணமாக இராது. வீட்டிலேயே கால் நிற்கிற இடம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் தரையைப் பார். மற்றதெல்லாம் பிறகு.

நாய் வளர்ப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் மிரண்டு கிடக்கும், மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும், மூன்று மாதத்தில் இது நம் வீடு என்று நினைக்கத் தொடங்கும். இது ஒரு தோராயம்தான். செவலைக்கு ஐந்து மாதம் ஆனது. நீ ஒன்பதாம் நாளில் உட்கார்ந்துகொண்டு கணக்கை முடிக்கப் பார்க்கிறாய்.

செவலை முதல் பதினொரு நாள் யாராவது பார்த்தால் சாப்பிடாது. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவேன், காலையில் துடைத்த மாதிரி இருக்கும். கருப்பனுக்கும் அப்படி வைத்துப் பார். பக்கத்தில் நின்று "சாப்பிடு, சாப்பிடு" என்று கெஞ்சாதே. ஆனால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் அது வெறும் பயமாக இராது, நோயாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடு.

பயந்த நாயைக் கண்ணுக்கு நேராகப் பார்ப்பதும், மேலிருந்து குனிந்து தலையைத் தடவுவதும் நமக்குக் கொஞ்சல், அதற்கு மிரட்டல். நான் என்ன செய்தேன் தெரியுமா? வளவுத் தூணில் சாய்ந்து, பக்கவாட்டில் திரும்பி, முருங்கைக்கீரை உருவிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பேன். அதைப் பார்க்கவே மாட்டேன். பன்னிரண்டாம் நாள் என் குதிகாலில் ஈரமாக, சில்லென்று ஏதோ பட்டது. மூக்கு. திரும்பிப் பார்க்கத் துடித்தது மனசு. கீரையையே உருவிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

மாப்பிள்ளையிடம் சொல், உறுமினால் அதட்ட வேண்டாம். "இன்னும் கிட்டே வராதே" என்று சொல்ல அதற்கு வேறு மொழி கிடையாது. அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை சொல்லாமலே கடிக்கும். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு இழுக்கவும் வேண்டாம். தப்பித்தவறிப் பல்லோ நகமோ பட்டுவிட்டால், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போய்விடுங்கள். அந்தக் காலத்தில் சுண்ணாம்பு வைத்துக் கட்டுவார்கள், அதெல்லாம் கூடவே கூடாது.

கருப்பனுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சீட்டைக் காப்பகத்தில் கேட்டு வாங்கினாயா? வருடா வருடம் போட வேண்டும். பூச்சி மருந்து எப்போது கொடுத்தார்கள் என்றும் கேள். கிட்டே வரவிட்ட பிறகு காதுமடிப்பு, கால்விரல் இடுக்கு இரண்டிலும் உண்ணி இருக்கிறதா என்று தினமும் பார். செவலைக்கு இரண்டாம் வருடம் உண்ணிக்காய்ச்சல் வந்து, ஈறு வெளிறிப்போய், தலையைக்கூடத் தூக்காமல் கிடந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்து மருந்து கொடுத்ததில் பிழைத்தது. ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

சாப்பாட்டில் ஒரு விஷயம். பாசத்தில் நம் வீட்டுக் கோழிக்குழம்பை ஊற்றிப் பிசைந்து வைத்துவிடாதே. சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் நமக்குக் குழம்பு ஏது? இரண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். வெந்த கோழியெலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லெட் மூன்றும் விஷம். சோற்றில் உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்த கோழி, கொஞ்சம் பூசணி போதும்.

கூடத்தில் ஈரம் பண்ணினால் பினாயில் ஊற்றாதே, பாதத்தில் ஒட்டியதை நக்கிவிடும். வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைத்தால் வாடை போய்விடும். வாடை இருந்தால் அதே இடத்தைத் தேடிப் போகும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் கீழே கூட்டிப்போ. ஒரே நேரம், ஒரே வழி. முதல் சில வாரம் கழுத்துப்பட்டை ஒன்று, மார்புப்பட்டை ஒன்று, இரண்டு கயிறு. மிரண்டு ஓடினால் பெங்களூரில் எங்கே போய்த் தேடுவாய்? கழுத்தில் உன் தொலைபேசி எண் தொங்கட்டும். தீபாவளி வேறு வருகிறது. அன்று சாயங்காலம் ஜன்னலை மூடி, திரை இழுத்து, ஒருவர் அதன் பக்கத்தில் இருங்கள்.

குடியிருப்போர் சங்கத்தில் முணுமுணுக்கிறார்கள் என்றாய். வீட்டில் நாய் வளர்ப்பதைச் சங்கம் தடுக்க முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. சண்டைக்குப் போகாதே. மின்தூக்கியில் யாராவது இருந்தால் அடுத்த முறை ஏறு, அசிங்கம் செய்தால் உடனே எடுத்துவிடு. பேச்சு தானாக அடங்கும்.

நன்றி என்றேனே, அதற்கு வருகிறேன். வைரவன்பட்டியில் வைரவருக்கு வடைமாலை சாத்திக் கும்பிடுகிறோம், பக்கத்தில் நிற்கிற நாயையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். வெளியே வந்ததும் கல்லை எடுக்கிறோம். அப்படிக் கல்லடி பட்டதுதான் செவலை, கருப்பனும் அப்படித்தான் இருக்கும். மனிதன் கை நீண்டால் கல் வரும் என்றுதான் அதற்குத் தெரியும். அந்தக் கையில் ஒன்பது நாளாகச் சோறு வருகிறது என்றால், அது நம்புவதற்கு முன்னால் இன்னும் எத்தனை முறை பார்க்க வேண்டியிருக்கும்? கல்லூரியில் படிக்கும்போது நீதானே எனக்கு எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிச் சொன்னாய்? மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், தன் ஆள் விழுந்த இடத்தில் நின்று கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்த நாயையும் அவனுக்கு வைத்த கல்லிலேயே செதுக்கி, கோவிவன் என்று பெயரையும் பொறித்தார்கள் என்று சொல்லும்போது உன் கண் கலங்கியது. அந்தக் கோவிவனும் ஒருநாள் யாரோ ஒருவர் வீட்டு மூலையில் முதல் ராத்திரி நடுங்கிக் கிடந்திருக்கும், ஆத்தா.

மூன்று மாதம் பார். நாய்களின் குணம் தெரிந்த பயிற்சியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேள். அதற்குப் பிறகும் உன்னால் முடியவில்லை, அதற்கும் நிம்மதி இல்லை என்றால் காப்பகத்தில் சொல், வேறு நல்ல வீடு பார்ப்பார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை, நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். இப்போது வேண்டாம்.

இதை எழுதும்போது செவலை பட்டாலையின் நடுவில், வெறும் கல்லில், நான்கு காலையும் நீட்டி மல்லாந்து கிடக்கிறது. வாரத்துக்கு ஒரு சாக்காக எடுத்தோம், கடைசிச் சாக்கை எடுத்ததை அது கவனித்ததாகவே தெரியவில்லை.

நாளைக்கு அப்பா பார்சல் போடுகிறார். மாவுருண்டையும் சீப்புச்சீடையும் உங்களுக்கு. அடியில் ஆறு கோணிச்சாக்கு இருக்கும், துவைத்து நான்கு நாள் வெயிலில் போட்டுவிட்டேன். ஒரு முனை கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும். அங்கிருந்து தண்ணீர்க்கிண்ணம் வரை விரி. பிறகு விளக்கை அணைத்துவிட்டு நீங்கள் இருவரும் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
அம்மா