கோர்மக் மெக்கனாலன் பெயரில் சுவரில் தொங்கும் பெட்டியைப் பற்றி ஒரு திறந்த மடல்

கேலிக் கால்பந்துக் கழகங்களின் நிர்வாகக் குழுவினருக்கும் இளையோர் அணிகளின் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம்.

கேலிக் கால்பந்து (அயர்லாந்தின் சொந்த ஆட்டம்) வீரர் கோர்மக் மெக்கனாலன் இறந்தது 2004 மார்ச் 2-ல். வயது 24. டைரோன் கவுண்டி அணிக்குத் தலைவராகி அதிக நாள் ஆகவில்லை. அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் ஆர்மா கவுண்டியை 0-12, 0-9 என்று வென்று, டைரோன் முதன்முறையாக அகில அயர்லாந்துக் கோப்பையைக் கைப்பற்றியிருந்தது. (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி. இரு தரப்பிலும் ஒரு கோல்கூட விழாத ஆட்டம், எல்லாமே குறுக்குக் கம்பத்துக்கு மேலே போன புள்ளிகள்.) நடுக்களத்தில் ஆடிப் பழகியவரை அந்தப் பருவத்தின் நடுவில் மேலாளர் மிக்கி ஹார்ட் கோலுக்கு முன்னால் தடுத்தாடும் ஃபுல்-பேக்காக நிறுத்தினார். புது இடத்தில் ஆடி, அதே ஆண்டில் சிறந்த வீரர்களுக்கான ஆல் ஸ்டார் விருதையும் வாங்கினார். அயர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் இரு நாட்டுக் கால்பந்து விதிகளையும் கலந்து மோதும் சர்வதேச விதித் தொடரின் கோப்பை இன்று அவர் பெயரில் இருக்கிறது. அவர் குடும்பத்தார் தொடங்கிய அறக்கட்டளை இளம் வீரர்களின் இதயப் பரிசோதனைக்காகவும், மைதானங்களில் ஏ.இ.டி. கருவி (நின்ற இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்து மீட்க உதவும் கருவி) வைப்பதற்காகவும் பாடுபட்டது.

அந்தக் கருவியைப் பற்றித்தான் இந்த மடல். வசூல் செய்து வாங்குகிறோம், படம் எடுத்து மாட்டுகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம்.

ஒன்றை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கோர்மக் இறந்தது களத்தில் அல்ல, வீட்டில், தூக்கத்தில். யாருக்கும் தெரியாமல் இருந்த இதயக் கோளாறு காரணம். மைதானத்தில் எத்தனை பெட்டி மாட்டியிருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்காது. ஆகவே அவர் பெயரால் செய்ய வேண்டிய வேலை இரண்டு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதும் முடிந்ததாகக் கணக்கெழுத முடியாது.

முதலில் பெட்டி. இதயம் நின்றபின் முதலுதவி இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடும். கேலிக் மைதானத்தின் நீளம் 130 முதல் 145 மீட்டர். கருவி ஒரு கோலுக்குப் பின்னால் உள்ள கட்டடத்தில் இருந்து, ஆள் மறு கோலருகே விழுந்தால், போய்வர 300 மீட்டர். ஈரப் புல்லில் பூட்ஸோடு ஓடுபவருக்கு இதுவே ஒரு நிமிடம். அங்கே போன பிறகு சாவி யாரிடம் என்று தேட ஆரம்பித்தால் கதை முடிந்தது. பெட்டி கட்டடத்தின் வெளிச்சுவரில், பூட்டில்லாமல் இருக்கட்டும். திருட்டுப் பயத்தில் எண்பூட்டு போடுவதாக இருந்தால், அந்த எண்ணை அவசர அழைப்பு மையத்தில் பதிவு செய்யுங்கள். வட அயர்லாந்துக் கழகங்கள் இதற்கு, இத்தகைய கருவிகள் இருக்கும் இடங்களைப் பதியும் ‘தி சர்க்யூட்’ பதிவேட்டைப் பயன்படுத்தலாம். ஆட்ட நாளில் கருவி பக்கக்கோட்டின் நடுவில், மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் இடத்தில் இருப்பதே நல்லது. ஆட்டம் முடிந்ததும் அதைத் திரும்ப மாட்டுபவர் யார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பயிற்சியாளரின் காரிலேயே வீட்டுக்குப் போய்விடும் கருவியால் யாருக்கும் பயனில்லை.

பச்சை விளக்கு எரிகிறது, எல்லாம் சரி என்று விடாதீர்கள். பல கருவிகளில் அந்த விளக்கு பேட்டரியையும் உள்சோதனையையும் மட்டும்தான் காட்டும். நெஞ்சில் ஒட்டும் பேடுகள் காலாவதியானது அதற்குத் தெரியாது. பேடுகளின் ஆயுள் பெரும்பாலும் 2 ஆண்டுகளைச் சுற்றித்தான். உள்ளேயுள்ள பசை காய்ந்தால் தோலில் பிடிக்காது, மின்சாரம் சரியாகப் பாயாது. பயிற்சி வகுப்பில் உண்மையான பேடைப் பிரித்துக் காட்டிவிட்டு, உறையை மடித்துத் திரும்ப வைப்பது இன்னொரு தவறு. பிரித்தால் போயிற்று, பயிற்சிக்கென்று தனிப் பேடுகள் விற்கிறார்கள். மூடியைத் திறந்தாலே இயங்கும் கருவிகளில், மூடி சரியாகச் சாத்தாமல் கிடந்தால் பேட்டரி தீர்ந்துவிடும். பெரும்பாலான கருவிகளை 0 டிகிரிக்குக் கீழே வைக்கக் கூடாது என்பதால் குளிர்காலத்துக்கு ஹீட்டர் உள்ள பெட்டி வேண்டும். பருவம் முடிந்ததும் மின்கட்டணத்தை மிச்சம்பிடிக்க மெயினை அணைத்தால் ஹீட்டரும் சேர்ந்து அணையும். அதற்குத் தனி இணைப்பு கொடுங்கள்.

பெட்டிக்குள் கருவி மட்டும் போதாது. ஜெர்சியை வெட்ட உறுதியான கத்தரிக்கோல், மார்பைத் துடைக்கத் துண்டு, முடி அடர்ந்திருந்தால் மழிக்க ஒரு ரேஸர், கையுறை. ஈரத் தரையில் படுத்திருப்பது பிரச்சினையில்லை. ஈர நெஞ்சில் பேடு ஒட்டாது என்பதுதான் பிரச்சினை.

யாரும் மோதாமலே ஒருவர் சரிந்து விழுந்தால், இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விழுந்தவர் சில நொடிகள் வெட்டி இழுக்கலாம்; வலிப்பு என்று நினைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. விட்டுவிட்டு, மீன் வாயைத் திறப்பதுபோல் மூச்சு இழுக்கலாம். அது மூச்சே இல்லை. ஒருவர் 999 அல்லது 112-ஐ அழைக்க, ஒருவர் பெட்டிக்கு ஓட, ஒருவர் உடனே நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும். ஆழம் 5 முதல் 6 செ.மீ., நிமிடத்துக்கு 100 முதல் 120, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஒரு பேடு வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாவில். கருவி விலகச் சொல்லும்போது மட்டும் கையை எடுங்கள். அதிர்ச்சி கொடுத்த மறுநொடி மறுபடி அழுத்துங்கள். நாடி பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். தேவையில்லாதவருக்குக் கருவி அதிர்ச்சி கொடுக்காது, அந்தப் பயம் வேண்டாம். நான்காவது ஆள் ஒருவர் வாசல் கேட்டைத் திறந்துவைத்து ஆம்புலன்ஸுக்காக நிற்கட்டும். மைதானத்தின் அஞ்சல் குறியீட்டைப் பெரிய எழுத்தில் கேட்டிலும் பெட்டியிலும் எழுதிவையுங்கள். பதற்றத்தில் சொந்த ஊர் மைதானத்தின் முகவரிகூட வாயில் வராது.

இந்தக் கருவியால் காப்பாற்றப்படுபவர் ஆட்டக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. கோட்டுக்கு வெளியே நின்று கத்தும் 60 வயதுக்காரராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது வேலை, பரிசோதனை. கழக அறையில் ஒருநாள் முகாம் போட்டு, எல்லோருக்கும் ஈ.சி.ஜி. எடுத்து, இயந்திரம் அச்சடித்த ‘இயல்பு’ என்ற சொல்லை நம்பி அனுப்பிவிடுவது போதாது. நீள் க்யூ.டி. போன்ற பரம்பரை மின்கோளாறுகளில் இதயத்தின் அமைப்பில் எந்தக் குறையும் இருக்காது. கோளாறு, ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் மின்நிலையில் பழையபடி திரும்பும் மின்மீட்சியில். எடுத்துக்காட்டாக, துடிப்பின் தொடக்கத்திலிருந்து அந்த மீட்சி முடியும்வரை ஈ.சி.ஜி.யில் அளக்கும் க்யூ.டி. இடைவெளி 440 மில்லி விநாடி என்று வருகிறது. நிமிடத்துக்கு 60 துடிப்பு உள்ளவருக்கு, துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்தும் பேஸட் சூத்திரப்படி வரும் அளவும் அதே 440; ஆண்களுக்கு வரம்புக்குள். 75 துடிப்பு உள்ளவருக்கோ அது 492 ஆகிவிடும், உடனே நிபுணரிடம் போக வேண்டிய அளவு. நன்கு பயிற்சி பெற்றவர்களின் துடிப்பு 50-க்கும் கீழே இருந்தால் அதே சூத்திரம் அளவைக் குறைத்துக் காட்டும். சற்று நடக்கவைத்து மறுபடி எடுக்க வேண்டும். இந்தக் கோளாறின் மரபணு உள்ளவர்களில் சிலருக்கு ஓய்வுநிலை ஈ.சி.ஜி. சுத்தமாகவே இருக்கும். ஆகவே தாளைவிடக் கேள்விகள் முக்கியம்: ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்கியது உண்டா? அலாரச் சத்தத்தில் திடுக்கிட்டு மயங்கியது உண்டா? குடும்பத்தில் 40 வயதுக்குள் திடீரென இறந்தவர், நீச்சல் தெரிந்தும் மூழ்கியவர், மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவர் உண்டா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும், ஈ.சி.ஜி. எப்படி இருந்தாலும், இதய மருத்துவரைப் பார்க்கும்வரை ஆட்டம் வேண்டாம். 14 வயதில் ஒருமுறை எடுத்ததோடு நிறுத்தவும் கூடாது. சில இதயத்தசை நோய்கள் பதின்பருவத்தின் கடைசியில்தான் தலைகாட்டும்.

இளம் வயதில் காரணம் தெரியாத இறப்பு நேர்ந்த வீட்டில், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோருக்கும் பரிசோதனை வேண்டும். இத்தகைய கோளாறுகளில் பல, பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இரங்கல் கூட்டம் நடத்தும் கழகம் இந்தத் தகவலையும் அந்த வீட்டுக்குப் பக்குவமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் நிறைவேற்றுங்கள். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பாளர் ஒருவர், அவர் ஊரில் இல்லாதபோது பார்க்க மற்றொருவர், பேடும் பேட்டரியும் மாற்ற வரவு-செலவுத் திட்டத்தில் தனி ஒதுக்கீடு. பேடின் காலாவதித் தேதியைச் செயலாளர் கூட்டக் குறிப்பிலும் எழுதிவைக்கட்டும்.

இப்படிக்கு,
மைதான இதய முதலுதவி கற்பிப்போர் சிலர்