அந்த எண் குறைந்தால் குறையட்டும், தம்பி

சாட்ஸ்வொர்த், டர்பன்
புரட்டாசி, மூன்றாம் சனிக்கிழமை

அன்புள்ள தம்பி குமரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது. பெரியம்மா வீட்டு விஷயம் நீ சொன்னபடியே முடிந்தது, அதை நேரில் பேசலாம். புரட்டாசி மாதம் முழுக்க வீட்டில் கவிச்சி இல்லை. நீயும் அங்கே விடாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போனில் கூப்பிட்டால் "மெஷின் ஓடுது ம்மா, பிறகு பேசறேன்" என்கிறாய். மெஷின் நின்ற பிறகும் நீ கூப்பிடுவதில்லை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஃபில்டரைத் தனியாக மாற்றாதே. உலோகத் தூளை லேயர் லேயராக விரித்து லேசரால் உருக்கி அச்சிடும் அந்த மெஷினில் ஆபத்தானது லேசர் இல்லை, ஃபில்டர்தான். நீங்கள் விரிக்கும் டைட்டேனியம் தூள் 20 மைக்ரானுக்கு மேல். ஃபில்டரில் படிகிற உலோகக் கரி அதைவிடப் பல மடங்கு நுண்ணியது, ஆக்சிஜனையே பார்க்காமல் ஆர்கான் வாயுவில் உண்டானது. மூடியைத் திறந்து காற்றுப் பட்டதும் தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும். மெஷின் கையேடு தண்ணீரில் நனை என்றால் தண்ணீர், சுண்ணாம்புத் தூள் போடு என்றால் அதுதான். இரண்டையும் கலந்து சொந்த வழி கண்டுபிடிக்க வேண்டாம். நனைத்த கழிவிலிருந்து ஹைட்ரஜன் வரும், அதனால் காற்றுத்துளை வைத்த மூடியுள்ள டப்பாவில்தான் போட வேண்டும். உலோக நெருப்புக்கு டி வகை அணைப்பான் மட்டுமே. தண்ணீர் பாய்ச்சினாலும் கார்பன் டை ஆக்சைடு அடித்தாலும் நெருப்பு மூளும். இதெல்லாம் உனக்குத் தெரியும், தெரிந்தும் இராத்திரி பத்து மணிக்குத் தனியாக நிற்கிறாய் என்பதுதான் என் கவலை.

உலோகத்துக்குள் ஒளிந்த குழிகளை உன் கணினி மாடல் 98 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று ஜூலையில் படம் அனுப்பினாய். அப்பாவிடம் பெரிதாக்கிக் காட்டினேன். கோயிலில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளிடம்கூடச் சொன்னேன், என் பிள்ளை உலோகம் உருகும்போதே அதன் குறையைக் கண்டுபிடிக்கிறான் என்று. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. கட்டுரை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கப் போவதில்லை. வெல்டுகளின் எக்ஸ்ரே ஃபிலிம் படித்தே பழகியவள் என்ற முறையில் தெரிந்ததை எழுதுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்.

உருகும் இடத்தின் வெளிச்சத்தைப் பதிவு செய்த நூறு துண்டுச் சிக்னலில் இரண்டில்தான் குழி இருக்கிறது என்றால், எல்லாமே நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடலுக்கும் 98 சதவீதம் கிடைக்கும். அதனால் அந்த எண்ணைத் தனியாக எங்கும் எழுதாதே. இருக்கிற குழிகளில் எத்தனையைப் பிடித்தது, பிடித்தேன் என்று சொன்னதில் எத்தனை உண்மையான குழி, இந்த இரண்டையும் எழுது.

அதைவிட ஆழமான இடறல், பயிற்சிக்கும் சோதனைக்கும் டேட்டாவைப் பிரிப்பதில் இருக்கிறது. துண்டுகளைக் குலுக்கிப் பிரித்தால் 412-ஆம் லேயர் பயிற்சிக்கும் 413-ஆம் லேயர் சோதனைக்கும் போகும். லேயர் 30 மைக்ரான். குழியோ 100 மைக்ரான் உயரம். ஒரே குழியின் ஒரு பாதியைக் கற்றுக்கொண்டு மறு பாதியில் பரீட்சை எழுதுகிற மாதிரி ஆகிவிடும். மாடல் குழியைக் கற்றதா, அந்த இடத்தை மனப்பாடம் செய்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு முழு பில்டையே, அதாவது மெஷினின் ஒரு முழு அச்சு ஓட்டத்தையே, ஒதுக்கி வை. வேறு நாள் ஓடியதாக, வேறு தூள் பேட்ச் போட்டதாக, லேசர் ஜன்னலை மறுபடி துடைத்த பிறகு ஓடியதாக இருந்தால் இன்னும் நல்லது. அப்படிச் செய்தால் எண் சட்டென்று விழும். விழட்டும் தம்பி. விழுந்த எண்தான் அடுத்த பில்டிலும் கிடைக்கப்போகிற எண்.

இன்னொன்று, விழுந்ததெல்லாம் மாடலின் குற்றம் என்று எடுத்துக்கொள்ளாதே. லேபிளில், அதாவது எங்கே குழி என்று நீ குறித்துக் கொடுத்த விடையில், பாதி தப்பாக இருக்கும். சி.டி. ஸ்கேனில் குழி தெரிகிற லேயரையும் சிக்னல் துள்ளுகிற லேயரையும் நேருக்கு நேர் வைத்துப் பொருத்தினால் பொருந்தாது. உருகிச் சேராத இடம் ஒரு மாதிரி, லேசர் அளவுக்கு மீறி ஆழமாகத் துளைத்து உண்டாகும் கீஹோல் குழி வேறு மாதிரி. மெல்ட் பூல், அதாவது லேசருக்கு அடியில் உருகிய குட்டை, மூன்று நான்கு லேயர் ஆழம் போகும். ஒரு லேயரில் சேராமல் விட்ட இடத்தை அடுத்த ஓட்டங்கள் உருக்கி மூடிவிடலாம். சிக்னல் கத்தும், சி.டி.யில் ஒன்றும் இருக்காது. கீஹோல் இதற்கு நேர் எதிர். 150 மைக்ரான் கீழே அடிமுனையில் குழி மாட்டிக்கொள்ளும். அப்படியென்றால் சிக்னல் வந்த லேயரிலிருந்து ஐந்து லேயர் கீழே தேட வேண்டும். உருண்டையாக, மழமழவென்று இருந்தால் கீஹோல். ஓரம் கிழிந்து, லேசர் ஓடிய ஹேட்ச் கோடுகளுக்கு இடையில் படுத்திருந்தால் சேராதது. வெல்டில் பார்த்த அதே முகங்கள்தான், அளவு மட்டும் மிகச் சின்னது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு 'குழி' என்று பெயர் வைத்தால் மாடல் எதைக் கற்கும்?

லேயர் எண்ணையும் சந்தேகப்படு. தட்டிலிருந்து ஒயர் கட் மெஷினால் அறுக்கும்போது 0.3 மில்லிமீட்டர் போய்விடும். 30 மைக்ரான் கணக்கில் அது பத்து லேயர். அடியை வைத்து உயரம் எண்ணினால் ஒவ்வொரு குழியும் பத்து லேயர் தள்ளி நிற்கும். மாதிரித் துண்டின் பக்கவாட்டில் தெரிந்த உயரங்களில் சின்ன வெட்டுகள் வைத்தே அச்சிடு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைக்காதே, திருப்பி மாட்டிவிட்டால் தெரியாது. துண்டைப் பெரிதாக்காதே. 2000 பிக்சல் அகல டிடெக்டரில் 20 மில்லிமீட்டர் அகலத்தை நிரப்பினால் ஒரு வாக்சல், அதாவது சி.டி. படத்தின் ஒரு சின்னக் கனப் புள்ளி, 10 மைக்ரான். மூன்று வாக்சலுக்குக் குறைந்த எதையும் குழி என்று நம்பாதே. ஆக 30 மைக்ரானுக்குக் கீழே உன் சி.டி.யும் குருடு. அதற்கும் சேர்த்து மாடலைத் திட்ட வேண்டாம்.

கிடைமட்டத்திலும் இதே கதை. லேசரைத் திருப்பும் கண்ணாடியை ஆட்டுகிற கால்வோவுக்குப் போன கட்டளையும் கண்ணாடி உண்மையில் நிற்கிற இடமும் ஒன்றில்லை. 200 மைக்ரோவினாடி பிந்தினால், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் 200 மைக்ரான் தள்ளிப்போகும், அதாவது லேசர் புள்ளியைப் போல் இரண்டு மடங்கு. 100 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் 10 மைக்ரானுக்கு ஒரு புள்ளி கிடைக்கிறதே என்று பெருமைப்பட்டுப் பயனில்லை, புள்ளி எங்கே விழுந்தது என்று தெரியாவிட்டால்.

வெளிச்சத்தை அளக்கும் ஃபோட்டோடயோடை நீ அளவுக்கு மீறி நம்புகிறாய் என்று எனக்குப் படுகிறது. லேசரைத் தட்டில் குவிக்கும் அந்த எஃப்-தீட்டா லென்ஸ் 1070 நானோமீட்டர் லேசருக்காகச் செய்தது. மெல்ட் பூலிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் வேறு அலைநீளம், அதனால் தட்டின் நடுவில் ஒரு அளவும் மூலையில் ஒரு அளவும் காட்டும். ஒரே பவர், ஒரே வேகத்தில் தட்டு முழுக்க ஐந்துக்கு ஐந்து கட்டமாகச் சின்னச் சதுரங்கள் ஓட்டி, ஒவ்வொரு இடத்தின் சராசரியையும் வரைபடமாக்கி, எல்லா டேட்டாவையும் அதால் வகு. இதைச் செய்யாவிட்டால் மாடல் குறையைக் கண்டுபிடிக்காது, மூலையைக் கண்டுபிடிக்கும். நீண்ட பில்டில் ஜன்னலில் கரி படியும், சிக்னல் மெல்ல இறங்கும். கூடவே பவரும் இறங்கி, ஃபோகஸும் நகரும். இதில் எது அளவியின் மாற்றம், எது உலோகத்தின் மாற்றம் என்று பிரிக்க, பில்டின் ஓரத்தில் ஒரு சின்னச் சாட்சித் துண்டை எல்லா லேயரிலும் ஒரே மாதிரி ஓடவிடு. தொங்கு பகுதிக்கு அடியில் தூள்தான், சூடு இறங்காது, சிக்னல் பளிச்சென்று ஏறும், அது குறை இல்லை. ஒவ்வொரு லேயரிலும் தூள் விரித்த பிறகும் லேசர் ஓடிய பிறகும் எடுக்கும் சாதாரணப் படத்தை யாரும் மதிப்பதில்லை. தூள் விரிக்கும் ரீகோட்டர் இழுத்த கோடு, தூள் எட்டாத மூலை, மேலே தூக்கிய விளிம்பு, இவற்றையெல்லாம் அதில்தான் பார்க்க முடியும். ஃபோட்டோடயோடோடு அதையும் சேர்த்துக்கொள்.

லோட் ஷெட்டிங் காலத்து பில்டுகள் உன் டேட்டாவில் இருக்கின்றன அல்லவா, 2022, 2023-ல் ஓடியவை. மின்சாரம் நின்றால் தட்டு ஆறிச் சுருங்கும், சேம்பரில் ஆக்சிஜன் ஏறும், மறுபடி ஓடும் முதல் லேயர் தடிமனாகவோ மெல்லியதாகவோ வரும். அந்த இடத்தில் உண்மையாகவே குறை இருக்கும், சிக்னலும் தாறுமாறாக இருக்கும். மாடலுக்கு அது இலவச மதிப்பெண். நின்று ஓடிய லேயரையும் அதற்கு மேல் ஐம்பது லேயரையும் தனியாகக் குறித்து வை. சேர்த்து ஒரு எண், சேர்க்காமல் ஒரு எண், இரண்டையும் எழுது.

ஆயா திதிக்கு நீ வரவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வேலை என்றால் வேலைதான். ஆனால் வர முடியாது என்று நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இராத்திரியில் ஆர்கான் சிலிண்டர் மாற்றும்போதும் தனியாக நிற்காதே. ஆர்கான் காற்றைவிடக் கிட்டத்தட்ட 1.4 மடங்கு கனம், தரையோடு தேங்கும். மணம் இல்லை, மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. ஆக்சிஜனே இல்லாத காற்றை இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் விழுந்துவிடுவான். அலாரம் 19.5 சதவீதத்தில் அடிக்கும்படி இருக்கிறதா, சென்சார் முழங்கால் உயரத்தில் இருக்கிறதா என்று பார். குளிர் என்று கதவை மூடிவிடுகிறீர்கள். ஃபில்டரைப் பற்றி மறுபடியும் சொல்லவில்லை, மேலே எழுதியதைத் திரும்பப் படி.

உன்னால் செய்ய முடிகிற பெரிய வேலை எது என்று என்னைக் கேட்டால், சதவீதத்தைத் துரத்துவதை விட்டுவிட்டு, எந்த அளவுக் குழியை எவ்வளவு உறுதியாகப் பிடிக்கும் என்று சொல்வதுதான். எங்கள் தொழிலில் அதற்கு ஒரே ஒரு எண் கேட்பார்கள். 95 சதவீத நம்பிக்கையோடு, பத்தில் ஒன்பது முறை பிடிபடும் குழியின் அளவு என்ன? அமெரிக்க ராணுவக் கையேடு 1823-ஏ சொல்கிறபடி, பிடித்தது, விட்டது என்று மட்டும் பதிவு செய்தால் குறைந்தது 60 குழிகள் வேண்டும், சிக்னல் அளவையே குழி அளவோடு பொருத்தினால் 40. அவ்வளவு கிடைக்காவிட்டால் ஒரே அளவில் 29 குழி எடுத்து 29-ஐயும் பிடித்துக் காட்டு. 0.9-ஐ 29 முறை பெருக்கினால் 0.047 வரும், 5 சதவீதத்துக்குக் கீழே, அதனால் போதும். ஒன்றே ஒன்று தப்பினால் 46-க்கு 45 தேவைப்படும். இந்தக் குழிகளை வரைபடத்திலேயே காலியிடமாக விட்டு உண்டாக்காதே. உள்ளே தூள் அடைந்து நிற்கும், ஒரு லேயர் உயரம் என்றால் உருகி மூடியே போய்விடும். சின்ன இடத்தில் பவரைக் குறைத்தோ, ஹேட்ச் இடைவெளியை அகட்டியோ, திரும்பும் முனையில் பவரை இறக்காமல் விட்டோ உண்டாக்கு. அது உண்மையான குறைக்குக் கிட்ட வரும்.

இது வீண் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதே. நீ இருக்கும் ப்ளும்ஃபான்டீனிலேயே மத்திய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1997 முதல் இந்த அச்சு வேலைக்கென்று ஒரு மையம் இருக்கிறது, டைட்டேனியத்தில் தாடையெலும்பே செய்து ஆட்களுக்கு வைத்திருக்கிறார்கள். பிரிட்டோரியாவில் அரசு ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர். கூட்டில் வந்த ஏரோஸ்விஃப்ட் மெஷினின் அறை 2 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம். அவ்வளவு பெரிய துண்டை எந்த சி.டி.யில் வைத்து 30 மைக்ரான் குழி பார்ப்பாய்? ஓடும்போதே பார்த்தால்தான் உண்டு. ரிச்சர்ட்ஸ் பே கடற்கரையின் டைட்டேனிய மணலை அள்ளி, உருக்கி, கசடாகக் கப்பலேற்றி, தூளாகத் திரும்ப வாங்குகிற நாடு இது. அந்தத் தூளை நம்பி ஓட்டத் தெரிந்த ஆள் இங்கே வேண்டும். உன் அம்மா என்பதற்காக இதைச் சொல்லவில்லை.

டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது என்று எனக்குத் தெரியும். பிறகு என்ன என்று கேட்டால் நீ போனை வைத்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை. நீட்டித்தாலும் சரி, வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் இருந்து யோசித்தாலும் சரி, உன் அறை அப்படியேதான் இருக்கிறது. இறங்கின எண்ணைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் பேசாமல் இருக்கிறாய் என்றால், அதைச் சொல்லக்கூடிய முதல் ஆள் நான்.

பில்டு வாரியாகப் பிரித்த அட்டவணையை எனக்கு அனுப்பு, எப்படி இருந்தாலும் அனுப்பு. மாடல் தவறவிட்ட குழிகளின் பட்டியலைத் தனியாக எடு. அவற்றின் சி.டி. படங்களை நான் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன், எது கீஹோல், எது சேராதது, எது வெறும் இரைச்சல் என்று என் கண்ணுக்குப் படுவதை எழுதித் தருகிறேன். நீ எழுதியதை முதலில் எனக்குக் காட்டாதே, இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்துவிட்டுப் பிறகு ஒப்பிடுவோம். ஃபைல் பெரிதாக இருக்கும், மெயிலில் போகாது. டிசம்பர் 16 விடுமுறைக்கு வரும்போது ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவா, பஸ் டிக்கெட்டை இப்போதே போடு. 16 பிட்டிலேயே கொண்டுவா. இடம் மிச்சம் என்று 8 பிட்டாக்கினால் சின்னக் குழிகளின் ஓரம் பின்னணியோடு கலந்துவிடும்.

அன்புடன்,
அம்மா